பத்தாம் வகுப்பில் டாலஸ் வரும் பெண்ணுக்கு எந்தப் பள்ளி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். நியூஜெர்ஸி ப்ளெய்ன்ஸ்பரோவிலிருந்து ஜூலையில் டாலஸ் பக்கம் வருகிறீர்கள். கணவருக்கு பிளேனோ லெகசி வெஸ்டில் ஆபீஸ். மகள் ஒன்பதாவது முடிக்கிறாள். எட்டாவதிலேயே அல்ஜீப்ரா 1 முடித்துவிட்டாள், பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வயோலா வாசிக்கிறாள். ஃப்ரிஸ்கோ, பிளேனோ, ஆலன், காப்பெல் நான்கில் எது நல்ல பள்ளி டிஸ்ட்ரிக்ட், எங்கே வீடு வாங்கலாம், எச்-4 விசாவால் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) பள்ளியில் ஏதும் சிக்கல் வருமா என்பவை உங்கள் கேள்விகள்.

நான்குமே நல்ல டிஸ்ட்ரிக்ட்தான். வாட்ஸ்அப் குழுக்களில் இந்த நான்கையும் வைத்து நடக்கும் சண்டையைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருப்பது போலத் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. கிண்டர்கார்டன் பிள்ளையோடு வருகிறவர்களுக்கு டிஸ்ட்ரிக்டைப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு, பதின்மூன்று வருடம் அங்கேயே இருக்கப் போகிறார்கள். உங்கள் மகளுக்கு மிச்சம் இருப்பது மூன்று வருடம். நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் எது இன்னும் கிடைக்கும், எதற்கு நேரம் கடந்துவிட்டது என்று பார்த்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். அந்தக் கணக்கில் நான்கும் ஒன்றல்ல.

முதலில் எந்த வகுப்பு எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்று பாருங்கள். இதை யாருமே சொல்ல மாட்டார்கள்.

பிளேனோவில் ஹைஸ்கூல் என்றால் ஒன்பது, பத்து மட்டும். பதினொன்று, பன்னிரண்டுக்கு சீனியர் ஹைஸ்கூல் தனி. ஜாஸ்பர், ஷெப்டன் ஹைஸ்கூல் பிள்ளைகள் பிளேனோ வெஸ்ட் சீனியருக்குப் போவார்கள். கிளார்க், வைன்ஸ் பிள்ளைகள் பிளேனோ சீனியருக்கு. வில்லியம்ஸ், மக்மில்லன் பிள்ளைகள் பிளேனோ ஈஸ்டுக்கு. உங்கள் பெண் இந்த ஆகஸ்டில் ஜாஸ்பரில் சேர்ந்தால், ஒன்பதாவதிலிருந்தே ஒன்றாக இருக்கும் கூட்டத்துக்குள் போய் முகம் பழகி, ஒரு தோழி கிடைத்து, அடுத்த ஆகஸ்டில் மறுபடி புதுக் கட்டடம், புது கவுன்சிலர் (பாடத் தேர்வைக் கவனிக்கும் பள்ளி ஆலோசகர்), புது ஆர்கெஸ்ட்ரா டைரக்டர் என்று ஆரம்பிக்க வேண்டும். அவளே பதினொன்றில் வருகிறாள் என்றால் என் பதில் தலைகீழாக இருந்திருக்கும். அப்போது பிளேனோ வெஸ்டைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் அந்த வருடம் அங்கே எல்லாருமே புதுசு.

ஆலனில் ஒரே ஒரு ஹைஸ்கூல். ஒன்பதாவதுக்கு மட்டும் லோவரி ஃப்ரெஷ்மன் சென்டர் என்று தனி வளாகம். பத்தாவதில் மொத்தப் பட்டாளமும் பெரிய கட்டடத்துக்கு மாறுகிறது. பத்து முதல் பன்னிரண்டு வரை மட்டும் ஐயாயிரம் பிள்ளைகள் அளவில் படிக்கிறார்கள் என்றால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் நாள் வகுப்பறை தெரியாமல் ஷெட்யூலைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுவது உங்கள் பெண் மட்டுமாக இருக்க மாட்டாள், அவள் வகுப்பே சுற்றும். காப்பெலிலும் கிட்டத்தட்ட இதே அமைப்பு. ஒன்பதாவதுக்குத் தனி வளாகம், பத்தாவதில் காப்பெல் ஹைஸ்கூல்.

ஃப்ரிஸ்கோ வேறு வழியில் போனது. பெரிய பள்ளி வேண்டாம், சின்னச் சின்னதாக நிறையக் கட்டுவோம் என்று முடிவெடுத்து, 2022-ல் திறந்த பேந்தர் க்ரீக்கோடு சேர்த்து 12 ஹைஸ்கூல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, ஏறக்குறைய 2,100 பேருக்கென்று திட்டமிட்டவை. ஒரு வகுப்புக்கு ஐந்நூறு பேர் அளவுதான், எனவே டீமிலோ மேடையிலோ இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பத்தாவதில் போகிறவளுக்கு ஒரு வருடம் முன்பே உருவான நட்பு வட்டங்களுக்குள் நுழைய வேண்டியிருக்கும். அதே சமயம் கூச்ச சுபாவமுள்ள பிள்ளை ஐயாயிரம் பேருக்கு நடுவே காணாமல் போகும் ஆபத்து அங்கே இல்லை.

அடுத்து, வீட்டு முகவரி. ஊர்ப் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நியூஜெர்ஸியில் டவுன்ஷிப் பெயரைச் சொன்னால் அநேகமாகப் பள்ளி தெரிந்துவிடும். டெக்சஸில் நகர எல்லை வேறு, பள்ளி டிஸ்ட்ரிக்ட் எல்லை வேறு. முகவரி ஃப்ரிஸ்கோ என்று இருக்கும், பள்ளி லூயிஸ்வில் டிஸ்ட்ரிக்டாகவோ ப்ராஸ்பராகவோ லிட்டில் எல்மாகவோ இருக்கும். பிளேனோ முகவரியில் ஃப்ரிஸ்கோ டிஸ்ட்ரிக்டும் உண்டு, லூயிஸ்வில் டிஸ்ட்ரிக்டும் உண்டு. ஆலன் நகரத்தின் சில பகுதிகள் பிளேனோவுக்கும் லவ்ஜாய்க்கும் போகின்றன. அர்விங்கில் இருக்கும் வேலி ரான்ச்சில் பல வீடுகள் காப்பெல் டிஸ்ட்ரிக்ட். வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பி லீஸில் கையெழுத்துப் போடாதீர்கள். டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் பள்ளி வரும். அதோடு காலின், டென்ட்டன் அல்லது டாலஸ் கவுன்ட்டியின் அப்ரைசல் தளத்தில், அதாவது வரிக்காக வீட்டு மதிப்பைப் போடும் அலுவலகத்தின் தளத்தில், அந்த வீட்டைத் தேடுங்கள். எந்தப் பள்ளி டிஸ்ட்ரிக்ட் அந்த வீட்டுக்கு வரி போடுகிறது என்று அங்கே இருக்கும். வரி வாங்குகிறவன் எல்லையில் தப்பு பண்ண மாட்டான்.

எல்லை மாற்றம் இன்னொரு தலைவலி. பல ஹைஸ்கூல்கள் இருக்கும் டிஸ்ட்ரிக்டில் கூட்டத்தைச் சமப்படுத்த அவ்வப்போது கோட்டை நகர்த்துவார்கள். மேல் வகுப்புப் பிள்ளைகளை அதே பள்ளியில் தொடர விடுவது வழக்கம்தான், ஆனாலும் லீஸ் போடுமுன் கேட்டுவிடுங்கள். ஆலனில் அந்தப் பேச்சே இல்லை. டிஸ்ட்ரிக்டுக்குள் எங்கே குடியிருந்தாலும் ஒரே ஹைஸ்கூல். வேலையை வைத்து அவசரமாக வீடு தேடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இனி ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது படித்த பாடங்களும் மார்க்கும் அடங்கிய பட்டியல். நான் பார்த்த குடும்பங்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த இடத்தில்தான் இடறியிருக்கிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கவுன்சிலர் மேஜையில் நடப்பது இதுதான். உங்கள் பழைய பள்ளியின் ட்ரான்ஸ்கிரிப்டை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் ஒரு மாற்று அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக எண்ணைப் போடுவார்கள். டெக்சஸ் பள்ளிகளில் மார்க் நூற்றுக்கு எவ்வளவு என்றுதான் பதிவாகும், 70 பாஸ். நியூஜெர்ஸி ட்ரான்ஸ்கிரிப்டில் 'ஏ', 'ஏ மைனஸ்' என்று எழுத்துதான் இருக்கிறது என்றால், அட்டவணை 'ஏ'-க்கு என்ன எண் சொல்கிறதோ அதுதான் விழும், 95 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெண் உண்மையில் வாங்கியது 99 என்றாலும் 95-தான். ஒரு பாடத்துக்கு நான்கு மார்க் போனால் பரவாயில்லை, ஏழு பாடத்துக்குப் போனால் அது ரேங்கில் தெரியும். எனவே ஊரை விட்டுக் கிளம்புமுன் பழைய பள்ளியின் கைடன்ஸ் ஆபீஸில் ஒவ்வொரு பாடத்துக்கும் எண்ணாக மார்க் போட்டு, பள்ளி லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு ஒரு கடிதம் கையோடு வாங்கிவிடுங்கள். செமஸ்டர் வாரியாகப் பிரித்துத் தந்தால் இன்னும் நல்லது. நியூஜெர்ஸியில் முழு வருடப் பாடத்துக்கு 5 கிரெடிட், மொத்தம் 120 வேண்டும். டெக்சஸில் வருடப் பாடத்துக்கு 1, செமஸ்டருக்கு அரை, என்டார்ஸ்மென்ட்டோடு, அதாவது ஒரு துறையைச் சிறப்பாக எடுத்து, முடிக்க 26. இவர்கள் கணக்கே செமஸ்டர்தான்.

இரண்டாவது இடறல் அல்ஜீப்ரா 1. உங்கள் மகள் அதை எட்டாவதில், மிடில் ஸ்கூலில் படித்திருக்கிறாள். இங்கே டெக்சஸில் மிடில் ஸ்கூலில் அல்ஜீப்ரா 1 படித்தாலும் ஹைஸ்கூல் கிரெடிட் பதிவாகிவிடும். நியூஜெர்ஸியில் ஹைஸ்கூல் ட்ரான்ஸ்கிரிப்டில் அது இல்லாமலே போயிருக்கலாம், ஒன்பதாவதின் ஜியாமெட்ரியிலிருந்துதான் பட்டியல் தொடங்கும். டெக்சஸில் பட்டம் வாங்க அல்ஜீப்ரா 1 கிரெடிட் கட்டாயம். ஆகவே அல்ஜீப்ரா 2 படிக்கப் போகும் பிள்ளையிடம் "அல்ஜீப்ரா 1 எங்கே?" என்று கேட்பார்கள். மிடில் ஸ்கூலிலிருந்து மார்க்கும் பாடத்திட்டமும் சேர்த்து ஒரு கடிதம் வாங்கி வைத்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். முடியவில்லை என்றால் பரீட்சை எழுதியே கிரெடிட் வாங்கும் கிரெடிட் பை எக்ஸாம் என்ற வழி இருக்கிறது. ஏற்கெனவே பாடம் படித்திருந்தால் 70, படிக்காமலே எழுதினால் 80 எடுக்க வேண்டும்.

மூன்றாவது ஆனர்ஸ் வெயிட், அதாவது கடினமான பாடத்துக்கு ரேங்க் கணக்கில் தரும் கூடுதல் புள்ளி. பழைய ட்ரான்ஸ்கிரிப்டில் 'ஆனர்ஸ்' என்ற வார்த்தை பாடப் பெயரிலேயே இருந்தால்தான் பெரும்பாலும் கூடுதல் புள்ளி தருவார்கள். அங்கே 'அக்சலரேட்டட்' என்று வேறு பெயரில் இருந்தால் அதுவும் ஆனர்ஸுக்குச் சமம் என்று பழைய பள்ளியே எழுதித் தர வேண்டும். இதற்கெல்லாம் ஒரு காலக்கெடுவும் உண்டு. உங்கள் பள்ளி ஜூன் மூன்றாம் வாரம் வரை நடக்கும், டெக்சஸ் பள்ளி ஆகஸ்ட் இரண்டாம் வாரமே திறந்துவிடும். நடுவில் ஜூலை முழுக்க இரண்டு பக்கமும் ஆபீஸில் ஆள் குறைவு. ஜூனில் வாங்காத காகிதம் செப்டம்பரில்தான் வரும். அதற்குள் பெண்ணைத் தப்பான வகுப்பில் உட்காரவைத்துவிடுவார்கள்.

மாநிலப் பரீட்சையைப் பற்றி ஒரு வரி. அல்ஜீப்ரா 1, பயாலஜி, இங்கிலீஷ் 1, இங்கிலீஷ் 2, அமெரிக்க வரலாறு என ஐந்து பாடத்துக்கு ஸ்டார் பரீட்சை உண்டு. வேறு மாநிலத்தில் படித்துக் கிரெடிட் வாங்கிய பாடத்துக்கு அந்தப் பரீட்சை வேண்டாம். ஆனால் அந்தக் கிரெடிட் இங்கே பதிவாகியிருக்க வேண்டும். மறுபடி அல்ஜீப்ரா 1 கதைதான்.

இனி ரேங்க். நியூஜெர்ஸியிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதுசு. அங்கே பல பள்ளிகள் ரேங்க் போடுவதையே விட்டுவிட்டன. டெக்சஸில் அது சட்டத்தில் இருக்கிறது. 1997-ல் வந்த சட்டத்தின்படி, பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வருகிற பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கு மட்டும் விலக்கு. உள்மாநிலப் பிள்ளைகளுக்கான இடத்தில் 75 சதவீதத்தை இப்படி நிரப்பினால் போதும் என்பதால், கூட்டம் கூடக்கூட சதவீதத்தை இறக்கிக்கொண்டே வந்தார்கள். பல வருடம் 6-ல் இருந்தது, 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து 5. உங்கள் பெண்ணின் முறை வரும்போது எவ்வளவு என்பதைப் பல்கலைதான் அறிவிக்கும். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலையில் இன்னும் 10-தான்.

இதனால்தான் இங்கே ஒரு பேச்சு அடிபடும்: "ஃப்ரிஸ்கோ, காப்பெல் பக்கம் போகாதே, எல்லாப் பிள்ளையும் படிக்கும், ரேங்க் கிடைக்காது. போட்டி குறைந்த டிஸ்ட்ரிக்டாகப் பார்." கணக்கு தப்பில்லை. ஐந்நூறு பேர் வகுப்பில் 5 சதவீதம் என்றால் இருபத்தைந்து பேர். அந்த இருபத்தைந்துக்குள் வர எல்லாப் பாடத்திலும் ஏபி (கல்லூரித் தரத்தில் நடத்தும் ஹைஸ்கூல் பாடம்) எடுத்து 98, 99 வாங்குகிறவர்கள் அங்கே நிறைய. ஆனால் அந்த இடம் பல்கலைக்குத்தான், படிக்க விரும்பும் துறைக்கு இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இன்ஜினியரிங்குக்கும் தனியாகத் தேர்ந்தெடுப்பார்கள். முதல் 5 சதவீதத்தில் வந்தும் கேட்ட துறை கிடைக்காமல் வேறு மாநிலம் போன பிள்ளைகள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. மூன்று வருடம் பிள்ளை எங்கே யாரோடு படிக்கும் என்பதை இந்த ஒற்றைக் கணக்கை வைத்து முடிவு செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதோடு உங்கள் பெண் ஒரு வருட மார்க்கை வெளியிலிருந்து கொண்டுவருகிறாள், விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் பதினொன்றாவது முடிவில் உள்ள ரேங்க்தான் போகும். அவள் கையில் இருப்பது இரண்டு வருடம்.

வயோலா இங்கேதான் வந்து மாட்டும். பல டிஸ்ட்ரிக்டில் ஏபி பாடத்துக்கு உச்சப் புள்ளி 6 என்றால் சாதாரணப் பாடத்துக்கு 5. ஆர்கெஸ்ட்ரா சாதாரணப் பாடம். ஆறு ஏபி, ஒரு ஆர்கெஸ்ட்ரா என்று ஏழிலும் உச்சமே வாங்கினாலும் சராசரி 5.86-தான். ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிட்டு அந்த நேரத்தை வெறுமனே ஓய்வு பீரியடாக வைத்துக்கொண்ட பிள்ளைக்கு 6. ஒன்றும் செய்யாதவனுக்கு ரேங்க் மேலே! பதினொன்றாவதில் வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் பிள்ளைகள் பலர் இந்தக் கணக்குக்காகத்தான் பூட்டுகிறார்கள். சில இடங்களில் ஃபைன் ஆர்ட்ஸ் பாடங்களை ரேங்க் கணக்கில் சேர்க்காமல் விட வழி உண்டு, சில இடங்களில் இல்லை. "நான்கு வருட ஆர்கெஸ்ட்ரா ரேங்க் ஜிபிஏவில் (ரேங்குக்கான சராசரிப் புள்ளியில்) சேருமா, விலக்கு உண்டா?" என்று ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் எழுத்தில் கேளுங்கள். நான்கு டிஸ்ட்ரிக்டுக்கும் அனுப்பும் மின்னஞ்சலில் இந்தக் கேள்வி முதலில் இருக்கட்டும்.

ஆர்கெஸ்ட்ராவில் இன்னொரு நடைமுறை விஷயம். எந்தக் குழுவில் யார் என்பதை இங்கே மே மாதத்துக்குள் ஆடிஷன் வைத்து முடித்துவிடுவார்கள். ஜூலையில் வருகிறவளைக் கேள்வி கேட்காமல் கடைசிக் குழுவில் போடுவது சுலபம். இப்போதே டைரக்டருக்கு அவள் வாசிப்பதை வீடியோ எடுத்து அனுப்பினால் பெரும்பாலானவர்கள் கேட்டுப் பார்த்து இடம் தருவார்கள். நல்ல வயோலா கிடைப்பது எங்கேயும் கஷ்டம், வயலின்தான் வண்டி வண்டியாக இருக்கும். டெக்சஸ் இசை ஆசிரியர் சங்கத்தின் ரீஜன் ஆடிஷனுக்கான பாடங்கள் கோடையிலேயே வெளியாகிவிடும், ஆடிஷன் இலையுதிர் காலத்தில். வந்ததும் அதை எடுத்து வாசிக்கட்டும், அந்த அறையில் முதல் தோழி கிடைத்துவிடுவாள்.

விளையாட்டுப் போட்டிகளில் இறங்கும் பிள்ளையாக இருந்தால் வேறு விதி. டெக்சஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூஐஎல் அமைப்புக்கு, முந்தைய பள்ளியில் விளையாடிய விவரப் படிவம் நிரப்பி, பெற்றோரோடு அந்தப் பள்ளி எல்லைக்குள்தான் குடியிருக்கிறாள் என்று காட்டாமல் வார்சிட்டியில் (பள்ளியின் முதல் அணியில்) இறங்க முடியாது. உங்களுக்கு இது வேண்டாம்.

பத்தாவதில் வந்தாலும் நேரம் கடக்காதவை என்று சிலவற்றைச் சொல்லலாம். ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்) டிப்ளமா பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருடப் படிப்பு. பிளேனோ ஈஸ்ட், ஆலன், காப்பெலில் உண்டு. காலின் காலேஜோடு சேர்ந்து டூயல் கிரெடிட், அதாவது பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும் பாடம், எடுக்கலாம். டென்ட்டனில் வட டெக்சஸ் பல்கலைக்குள் இருக்கும் டெக்சஸ் அகாடமி ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் அண்ட் சயின்ஸுக்கு, அதாவது டாம்ஸுக்கு, பத்தாவது படிக்கும்போதுதான் விண்ணப்பிக்கவே முடியும். பதினொன்று, பன்னிரண்டு வருடங்களைக் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்து, ஹைஸ்கூல் முடியும்போது இரண்டு வருடக் கல்லூரிப் பாடத்தோடு வெளியே வருவார்கள். நியூஜெர்ஸியின் கவுன்ட்டி அகாடமிகள் எட்டாவதிலேயே வடிகட்டிவிடுவதை நினைத்து ஏங்கியவர்கள் இதைக் கவனிக்கலாம். ஆனால் பதினாறு வயதில் வீட்டை விட்டு அனுப்ப மனம் வர வேண்டும், அதுவும் ஊர் மாறிய மறு வருடமே. மாறாக, வெட்னரி, ஹெல்த் சயன்ஸ் போன்ற தொழில் சார்ந்த தொடர் பாடங்கள் பலவற்றுக்கு ஒன்பதாவதிலேயே அடிப்படை வகுப்பு எடுத்திருக்க வேண்டும். அவளுக்கு அதில் ஆசை என்றால் எதை ஈடுகட்ட முடியும் என்று கேட்டுப் பாருங்கள்.

இணையதளங்கள் பள்ளிகளுக்குப் போடும் பத்துக்குப் பத்து ரேட்டிங்கை நான் பார்ப்பதில்லை. பரீட்சை மார்க்கை வைத்துப் போடும் எண் அது, பெரும்பாலும் அந்தப் பகுதி பெற்றோரின் வருமானத்தைத்தான் உங்களுக்குத் திருப்பிச் சொல்லும். டெக்சஸ் கல்வி ஏஜென்ஸி வருடா வருடம் ஒவ்வொரு பள்ளிக்கும் டிஸ்ட்ரிக்டுக்கும் டேப்பர் என்ற அறிக்கை வெளியிடுகிறது. அதில் டிஸ்ட்ரிக்டில் எத்தனை ஆசிரியர்கள் விட்டுப் போனார்கள், பள்ளியில் சராசரி அனுபவம் எவ்வளவு, வருட நடுவில் வந்து போகும் பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்று இருக்கும். கடைசி எண் உங்களுக்கு முக்கியம். புதுப் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கும் பள்ளிக்குப் புதுப் பிள்ளையை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று தெரியும்.

வீடு வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுங்கள். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கு ப்ராபர்ட்டி டாக்ஸ் வந்ததும் முகம் மாறும். எல்லாம் சேர்த்து வீட்டு மதிப்பில் 2 சதவீதம் அளவில் வரும், அதில் பெரும்பங்கு பள்ளிக்கு. குடியிருக்கும் சொந்த வீட்டுக்குப் பள்ளி வரியில் 1,40,000 டாலர் விலக்கு உண்டு என்றாலும், மூன்று வருடப் பள்ளிக்காக முப்பது வருடக் கடனில் இறங்குவது அவசரம். அபார்ட்மென்ட் லீஸ் இருந்தாலே வசிப்புச் சான்று ஆகிவிடும். பள்ளியிலிருந்து இரண்டு மைலுக்குள் இருந்தால் ஸ்கூல் பஸ் அநேகமாக வராது என்பதை மட்டும் கவனியுங்கள். ஆகஸ்ட் வெயிலில் வயோலாவைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் நடப்பது தண்டனை.

விசா பற்றி. பள்ளியில் சேர எச்-4 தடையே இல்லை. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பொதுப் பள்ளியில் பிள்ளையை மறுக்கக் கூடாது என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிளைலர் வழக்கே டெக்சஸின் டைலர் நகரப் பள்ளியை எதிர்த்து எழுந்ததுதான். கல்லூரிக்கு, பெற்றோர் 12 மாதம் இங்கே நிரந்தரமாக வசித்திருந்தால் எச்-4 பிள்ளையும் உள்மாநிலக் கட்டணம் கேட்கலாம். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதுதான் உண்மையான கவலை. அதைப் பள்ளி தீர்க்காது, வக்கீலிடம் இப்போதே பேசுங்கள்.

என் தேர்வைக் கேட்டீர்களானால்: முதலில் ஆலன். பத்தாவதில் எல்லாருக்கும் புதுக் கட்டடம், எல்லை மாற்றம் இல்லை, 121 நெடுஞ்சாலையில் போனால் லெகசி வெஸ்ட் எட்டக்கூடிய தூரம். 18,000 பேர் உட்காரும் ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு 6 கோடி டாலர் செலவழித்த ஊர் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அதே ஊர் இசைக்கும் செலவழிக்கிறது. பெரிய கூட்டம் அவளுக்கு ஒத்துவராது என்றால் ஃப்ரிஸ்கோவில் ஒரு பள்ளி, லெகசி வெஸ்டுக்கு வடக்கே பக்கத்திலேயே. காப்பெல் நன்றாக இருக்கும், ஆனால் வாடகைக்கு வீடு அமைவது கஷ்டம். பிளேனோ கடைசி, அவள் வருகிற வகுப்பை வைத்து மட்டும்.

இதில் அவளைக் கேட்டீர்களா என்று உங்கள் கேள்வியில் எங்கும் இல்லை. பதினைந்து வயதுப் பெண், தோழிகளை விட்டு வருகிறாள். முடிந்தால் மே மாதம் ஒரு வாரக்கடைசியைச் சேர்த்து வெள்ளிக்கிழமை ஒரு நாள் அவளைக் கூட்டி வாருங்கள். முன்கூட்டியே சொன்னால் ஆலனிலும் ஃப்ரிஸ்கோவிலும் ஆர்கெஸ்ட்ரா டைரக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்ய முடியும். இரண்டையும் காட்டுங்கள், முடிவில் அவள் சொல்வதற்குப் பாதி ஓட்டாவது கொடுங்கள். பேரம் பேச உங்கள் கையில் ஒன்று இருக்கிறது: நியூஜெர்ஸியில் கார் ஓட்டப் பழகும் பெர்மிட்டுக்கே 16 ஆக வேண்டும், தனியாக ஓட்ட 17. டெக்சஸில் 15 வயதிலேயே லேர்னர் வாங்கலாம், ஆறு மாதம் கழித்து 16 நிறைந்திருந்தால் லைசென்ஸ்.